சென்னிமலைக்கு மேலே பறக்க எந்த கேஷ்?

"ஏஞ்சாமி, நம்மூரு மட்டும் ஏன் இப்படிக் கரைஞ்சு கெடக்குது?"

அப்பா இதைக் கேட்ட மாலையில்தான், கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற சிமுலேட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தை நான் முதல்முறையாக ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். கோவை விமான நிலையத்தின் 05 ஓடுபாதையிலிருந்து செஸ்னா 172 என்கிற சின்ன விமானத்தை எழுப்பி, திருப்பூரைத் தாண்டி, நொய்யலைப் பிடித்துக்கொண்டே கிழக்கே வந்திருந்தோம். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஒரத்துப்பாளையம் அணை தெளிவாகத் தெரிந்தது, அப்பா திரையில் விரல் வைத்துக் காட்டினார். அடுத்தது சென்னிமலை. மலையின் மேடு வந்தது, மேலே போர்த்த வேண்டிய படம் வரவில்லை. பச்சையும் பழுப்பும் குழைத்துப் பூசிய மாதிரி ஒரு தரை, அதில் ரோடும் இல்லை, வாய்க்காலும் இல்லை, எங்கள் கிணறும் இல்லை. நெட் வேகம் போதவில்லை, பிங் மேப்ஸிலிருந்து வருகிற வான்படங்கள் நிறுத்தப்பட்டன என்கிற பொருளில் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. மணி ஆறரை, ஊரே நெட்டில் உட்கார்ந்திருக்கிற நேரம்.

"சரி உடு கண்ணு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்து போய்விட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. எழுபது வயதைத் தாண்டிய மனுஷர், விமானத்தில் ஏறியதே இல்லை. நம்ம பூமியை ஒரு தடவை மேலே இருந்து பார்க்கணும் என்று அவரே வாய்விட்டுக் கேட்டிருந்தார். அவர் எதையும் கேட்கிற ஆள் கிடையாது.

அதற்கப்புறம் ஒரு மாதம் போல தரைப்படத்தை டிஸ்க்கில் சேமித்து வைக்கிற ரோலிங் கேஷ், மேனுவல் கேஷ் என்கிற இரண்டு வசதிகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்களைப் போல நெட் சீராக வராத ஊரில் உட்கார்ந்து பறக்கிறவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் எதற்காக இந்த கேஷ் என்பது. 2020 ஆகஸ்ட்டில் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் பழைய சிமுலேட்டர்களைப் போல உலகத்தை டிஸ்க்கில் வைத்துக் கொடுப்பதில்லை. பிங் மேப்ஸின் வான்படங்கள், தரையின் ஏற்ற இறக்கம், சில பெரிய நகரங்களின் முப்பரிமாணக் கட்டடங்கள் எல்லாம் சேர்த்து 2 பெட்டாபைட்டுக்கு மேல், அதாவது 20 லட்சம் ஜிபிக்கு மேல், சர்வரில் கிடக்கிறது. நாம் பறக்கப் பறக்க நமக்குக் கீழே இருக்கிற துண்டு மட்டும் நெட் வழியாக வந்து விரியும். நம் கம்ப்யூட்டரில் இறங்குகிற 150 ஜிபி என்பது விமானங்களும் அடிப்படை உலகமும் மட்டும்தான். குறைந்தபட்சம் 5 எம்பிபிஎஸ், நன்றாக ஓட 20, உத்தமமாக 50 என்று அவர்களே வேகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் இணைப்பு காலையில் 40 காட்டும், சாயங்காலம் 4 காட்டும். அது போக மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று ஒரு அளவு உண்டு, அதைத் தாண்டினால் மாசக் கடைசி வரைக்கும் நடைவேகம்தான்.

ஒரு தடவை வந்த துண்டை மறுபடி மறுபடி நெட்டில் இழுக்காமல் டிஸ்க்கிலேயே வைத்துக்கொள்வதுதான் கேஷ். இரண்டு வகையும் செட்டிங்ஸில் டேட்டா என்கிற பகுதிக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும்.

ரோலிங் கேஷ் தானாக ஓடுவது. நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. எங்கே பறந்தோமோ அந்த இடத்துத் தரவு சேர்ந்துகொண்டே வரும், குறித்த அளவு நிறைந்ததும் பழையது வெளியே போய்ப் புதியது உள்ளே வரும். ஆரம்பத்தில் 8 ஜிபி என்று வைத்திருப்பார்கள். எதையும் தொடாதவர்கள் எல்லோரும் இதில்தான் பறந்துகொண்டிருக்கிறார்கள், நானும் ஒரு வருஷத்துக்கு மேல் அப்படித்தான் பறந்தேன். கோவையில் ஏறுவது, ஆனைமலைப் பக்கம் ஒரு சுற்று, திரும்பி வந்து இறங்குவது, ஞாயிற்றுக்கிழமை ஆனால் பவானிசாகர் வரைக்கும் போய் வருவது. போன இடத்துக்கே போகிற ஆள் என்பதால் எல்லாமே டிஸ்க்கில் இருந்திருக்கிறது. நெட் விட்டு விட்டு வந்தாலும் தரை தெளிவாகவே வரும். நம்ம கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உண்மையில் அந்த 8 ஜிபிதான் என்னைத் தாங்கியிருக்கிறது.

கோடை லீவுக்கு அக்கா மகன் வந்தான். பத்தாவது முடித்துவிட்டு ஒரு வாரம் எங்கள் வீட்டில் இருந்தான். "மாமா, நான் கொஞ்சம் ஓட்டட்டுமா?" என்றான், நானும் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். காலையில் நியூயார்க், மதியம் லண்டன், சாயங்காலம் டோக்கியோ. இந்த மாதிரி நகரங்களில் ஃபோட்டோகிராமெட்ரி என்று, கட்டடங்களையே பல கோணத்தில் படம் எடுத்து முப்பரிமாணத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். பார்க்கக் கண் கொள்ளாது, தரவும் அதே மாதிரி கொள்ளாது. ஒரு வயக்காட்டுக்கு மேலே பறப்பதற்கும் மன்ஹாட்டனுக்கு மேலே தாழப் பறப்பதற்கும் நெட் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்த ஒரு வாரத்தில் எங்கள் நொய்யலும் சென்னிமலையும் ஆனைமலையும் கேஷை விட்டு வெளியே போய்விட்டன, உள்ளே முழுக்க வெளிநாட்டு மாடிகள். அவன் ஊருக்குப் போன மறுநாள்தான் நான் அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். நடந்ததை மேலேயே சொல்லிவிட்டேன். பையன் மேல் ஒரு தப்பும் இல்லை, அந்த வயதில் நானாக இருந்தாலும் நியூயார்க்குக்குத்தான் போயிருப்பேன்.

ரோலிங் கேஷின் குணம் அது. எது முக்கியம் என்று அதற்குத் தெரியாது, எது கடைசியாக வந்தது என்று மட்டும்தான் தெரியும். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், அளவைக் கூட்டி வைத்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் முதலில் அதைத்தான் செய்தேன். 8-ஐ 32 ஆக்கினேன். நல்லதுதான், ஊர் வெளியே போகிற நாள் கொஞ்சம் தள்ளிப்போகும், ஆனால் போகத்தான் போகும். அது போக இன்னொரு சங்கதி, ரோலிங் கேஷில் ஒரு இடம் சேர வேண்டும் என்றால் நாம் ஒரு தடவையாவது நல்ல நெட்டோடு அந்த இடத்தின் மேல் பறந்திருக்க வேண்டும். சாயங்காலம் மட்டுமே நேரம் கிடைக்கிறவன் அந்த முதல் பறப்புக்கு எங்கே போவான்?

அப்படித்தான் மேனுவல் கேஷுக்கு வந்தேன். இதில் நாமே ஒரு பகுதிக்குப் பெயர் வைத்து, மேப்பை நெருக்கிக்கொண்டு, வேண்டிய சதுரங்களைத் தொட்டுத் தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். குறைவு, நடுத்தரம், உயர்வு என்று தரம் மூன்று. தொடத் தொட எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது பக்கத்தில் ஏறிக்கொண்டே வரும். முடித்துவிட்டு இறக்கு என்று சொன்னால், பறக்காமலே, விமானமே இல்லாமல், அந்தத் துண்டு முழுக்க டிஸ்க்குக்கு வந்துவிடும். நாமாக அழிக்கிற வரைக்கும் அது அங்கேயே கிடக்கும், மருமகன் எத்தனை நியூயார்க் போனாலும் அசையாது.

எனக்கு இதில் பிடித்ததே இரவில் இறக்கலாம் என்பதுதான். எங்கள் இணைப்பு ராத்திரி பதினொன்றுக்கு மேல் நன்றாக வரும். போட்டுவிட்டுப் படுத்தால் விடிவதற்குள் ஒரு பகுதி முடிந்திருக்கும். கரண்ட் போய்விட்டால் போச்சு, அதனால் யூபிஎஸ்ஸில் ரௌட்டரையும் சேர்த்து மாட்டி வைத்தேன். பொறுமை வேண்டும், அதன் இறக்கும் வேகம் நாம் நினைக்கிற வேகம் கிடையாது.

முதல் தடவை பேராசையில் மொத்தக் கொங்கு நாட்டையும் உயர் தரத்தில் எடுத்துவிடலாம் என்று மேட்டூரில் ஆரம்பித்து ஆனைமலை வரைக்கும் இழுத்தேன். அளவு ஏறிய ஏற்றத்தைப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒரு பேப்பரை எடுத்து, நான் எங்கே தாழப் பறக்கிறேன், எங்கே சும்மா கடந்து போகிறேன் என்று எழுதிப் பார்த்தேன். இந்த வேலையை மட்டும் தயவுசெய்து யாரும் விட்டுவிட வேண்டாம், மேனுவல் கேஷின் பாதிப் பலனே இதில்தான் இருக்கிறது.

என் கணக்கு இப்படி வந்தது. கோவை ஓடுபாதையைச் சுற்றிக் கொஞ்ச தூரம் உயர் தரம், ஏனென்றால் ஏறும்போதும் இறங்கும்போதும் தரை கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும். சேலம் விமான நிலையம் இருக்கிற ஓமலூர்ப் பக்கத்துக்கும் அதே. சென்னிமலை, பெருந்துறை, காங்கேயம் மூன்றுக்கும் நடுவில் எங்கள் பூமி கிடக்கிற துண்டு உயர் தரம். இவற்றை இணைக்கிற வழி முழுக்க நடுத்தரம். நீலகிரி, பாலக்காட்டுக் கணவாய் எல்லாம் நான் நல்ல உயரத்தில் கடக்கிற இடங்கள், அவற்றுக்குக் குறைந்த தரமே போதும் என்று வைத்தேன். கணவாயில் மட்டும் பிறகு மனம் மாறி நடுத்தரம் ஆக்கினேன். ஆடி மாதக் காற்றில் அந்த வழியாகக் கொச்சிக்குப் போகும்போது மேற்குக் காற்று எதிர்த்து அடித்து வேகம் குறைந்துவிடும், கீழே பார்த்துக்கொண்டே போக நிறைய நேரம் கிடைக்கும்.

கொறங்காட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், தரத்தை நான் முடிவு செய்ததே அதை வைத்துத்தான். எங்களுக்கு வாய்க்காலுக்குக் கீழே கொஞ்சம் பாசன பூமி, மேட்டில் மூணு ஏக்கர் கொறங்காடு. காங்கேயம் பக்கம் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரமும், சுற்றிலும் கிளுவை வேலியுமாக மாடு மேய்க்க விட்டிருக்கிற காடு. அந்த வேலிதான் மேலே இருந்து பார்த்தால் எங்கள் ஊரின் முகம். ஒரு பண்ணையத்துக்கும் அடுத்த பண்ணையத்துக்கும் நடுவில் கரும்பச்சையில் மெல்லிசாக ஒரு கோடு, கட்டம் கட்டமாக ஊர் முழுக்க ஓடும். நடுத்தரத்தில் இறக்கிப் பார்த்தபோது ரோடு தெரிந்தது, குளம் தெரிந்தது, வாய்க்கால்கூடத் தெரிந்தது, வேலி மட்டும் பக்கத்து நிறத்தோடு கலந்து மறைந்துவிட்டது. வேலி இல்லாவிட்டால் அது எங்கள் பக்கத்துக் காடே இல்லை, எந்த ஊராகவும் இருக்கலாம். அந்தத் துண்டை அன்றைக்கே அழித்துவிட்டு மறுபடி உயர் தரத்தில் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வேண்டுமென்றே நெட் மோசமாக இருக்கிற அதே நேரத்தில், அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அதே 05 ஓடுபாதை, அதே நொய்யல். தரையிலிருந்து 1,500 அடி உயரத்தில், 90 நாட் வேகத்தில் மெதுவாக. சென்னிமலை வந்தது. மலைக்கு மேலே ஏறுகிற ரோடு வளைந்து வளைந்து வந்தது. அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அதா பாரு, வாய்க்கா."

"ஆமாங்ப்பா."

"வறண்டு கெடக்குது பாரு. தண்ணி நிறுத்துன பொறவு எடுத்த படம் இது. அந்தக் காட்டுல மஞ்சளு தெரியல, வெட்டியாச்சு. சித்திரை வைகாசியா இருக்கும்."

அவர் சொல்கிற வரைக்கும் அந்தப் படத்துக்கு ஒரு மாசம் உண்டு என்று நான் யோசித்ததே இல்லை. கீழ்பவானி வாய்க்கால் பவானிசாகரில் ஆரம்பித்து 200 கிலோமீட்டர் ஓடுகிறது, 2,07,000 ஏக்கர் பாசனம், அதில் தண்ணி வருகிற நாளும் நிற்கிற நாளும் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை ஒரு கம்ப்யூட்டர் படத்தில் அவர் படித்துக் காட்டினார். அப்புறம் மேக்கால வேலி எது, அப்பாரு காலத்தில் பங்கு பிரித்தபோது எந்த வேலி புதிதாகப் போட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார், நான் அந்த மூணு ஏக்கரையே அரை மணி நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன். வீடுகளைப் பார்த்துத்தான் "இது யாரூட்டு மாடி?" என்று கேட்டார். அவை நிஜமான வீடுகள் அல்ல, வான்படத்தில் கூரை தெரிகிற இடத்தில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த பிளாக்ஷார்க் என்கிற நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு கட்டி வைத்தவை, உலகம் முழுக்க 150 கோடிக் கட்டடங்கள் அப்படி எழுந்தவை. எங்கள் ஓட்டு வீட்டை அது மொட்டை மாடியாகக் கட்டிவிட்டது. கேஷ் எதை வைத்தாலும் இது மாறப்போவதில்லை.

சரி, மேனுவல் கேஷில் வராதவற்றையும் சொல்லிவிடுகிறேன். நிகழ்நேர வானிலை இதில் சேராது, அது ஒவ்வொரு தடவையும் நெட்டில்தான் வரும். மற்ற விமானங்களின் நடமாட்டமும் அப்படியே. எனவே நெட்டே இல்லாமல் பறந்தால் தரை எங்கள் ஊராக இருக்கும், வானம் நாமே தேர்ந்தெடுத்த வானமாக இருக்கும். எனக்கு அது ஒரு குறைதான், ஆடி ஆவணியில் கணவாய்க் காற்று கோவை ஓடுபாதையில் எப்படி அடிக்கிறது என்று பார்த்து, 05-க்கு எதிர்த்திசையான 23 பக்கமாக இறங்குவதில் ஒரு சந்தோஷம் உண்டு. ஆனால் வானிலைக்கு ஆகிற தரவு மிகக் கொஞ்சம். தரைப்படம் நெட்டைப் பிடித்து இழுக்காமல் டிஸ்க்கிலிருந்து வந்துவிட்டால், மிச்சமிருக்கிற அந்த 4 எம்பிபிஎஸ் வானிலைக்குத் தாராளமாகப் போதும். என்னைப் பொறுத்தவரை மேனுவல் கேஷின் பெரிய லாபமே இதுதான் என்று இப்போது தோன்றுகிறது, ஆரம்பத்தில் இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

இரண்டாவது, அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. இந்த சிமுலேட்டருக்கு 2020 செப்டம்பரில் ஜப்பானில் ஆரம்பித்து நாடு நாடாக இலவச அப்டேட்கள் வந்துகொண்டிருந்தன, படமும் தரை உயரமும் மாறும். டிஸ்க்கில் பழைய துண்டு இருந்தால் பழையதே தெரியும். சில சமயம் பழையதும் புதியதும் சேருகிற இடத்தில் தரை வெட்டுப்பட்ட மாதிரி படியாக நிற்கும். ரோலிங் கேஷுக்கும் இந்தத் தொல்லை உண்டு, அதனால் பெரிய அப்டேட் வந்தால் ரோலிங் கேஷ் கோப்பை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது நல்லது, அதற்கென்றே ஒரு பொத்தான் அங்கேயே இருக்கிறது. மேனுவலில் அந்த ராத்திரி வேலையை மறுபடி செய்ய வேண்டும். எங்கள் பக்கத்துப் படம் அப்படி அடிக்கடி மாறுகிற இடம் இல்லை என்பதால் எனக்குப் பெரிய சிரமமாகத் தெரியவில்லை. ஐரோப்பாவில் பறக்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

டிஸ்க்கைப் பற்றி ஒரே வார்த்தை. இரண்டு கேஷும் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் மேனுவல் கேஷைப் போட்டுப் பார்த்தேன், தாழப் பறக்கும்போது படம் விக்கி விக்கி வந்தது, நெட்டில் வருவதைவிட மோசம்.

கோவையில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார், பீளமேட்டில் வீடு, நல்ல ஃபைபர், அளவு வரம்பு ஏதும் கிடையாது. அவர் இரண்டு கேஷையும் அணைத்துவிட்டே பறக்கிறார், அவருக்கு ஒரு குறையும் இல்லை. டிஸ்க்கில் எழுதுவதும் தேடுவதும் மிச்சம், படம் இன்னும் வழுவழுப்பாக ஓடுகிறது என்கிறார், போய்ப் பார்த்தேன், உண்மைதான். இன்னொருவர் பெரிய விமானங்கள் மட்டும் ஓட்டுபவர், சென்னையிலிருந்து துபாய், அங்கிருந்து லண்டன். 35,000 அடியில் அவருக்குக் கீழே கிளுவை வேலி தெரிந்து என்ன ஆகப்போகிறது? அவருக்கு ரோலிங் கேஷே போதும், ஏறுகிற ஊரும் இறங்குகிற ஊரும் தினம் மாறுவதால் மேனுவலில் எதைத்தான் இறக்கி வைப்பார். ஆக, எந்த கேஷ் நல்லது என்று என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, கடைசியாகப் பறந்த பத்துப் பறப்பு எங்கே என்பதைத்தான். பத்தும் பத்து ஊர் என்றால் ரோலிங்கைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். ஏழெட்டு ஒரே ஊர் என்றால், நெட்டும் சுமார் என்றால், அந்த ஊரை மேனுவலில் போட்டு வையுங்கள். நெட் நன்றாக இருந்தால் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

எக்ஸ்-பிளேன் என்கிற இன்னொரு சிமுலேட்டரை ஓட்டுகிற ஆட்கள் இந்த வேலையை வெகு காலமாகவே செய்துகொண்டிருக்கிறார்கள். அங்கே வான்படம் வேண்டுமென்றால் தனியாக ஒரு கருவியை வைத்து, ஒரு பாகை அகலம் ஒரு பாகை நீளம் என்று துண்டு துண்டாக நாமே தயாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். அதில் ஒரு வேடிக்கை, 77-ஆவது தீர்க்கக்கோடும் 11-ஆவது அட்சக்கோடும் கோவை ஊருக்குள்ளேயே வெட்டிக்கொள்கின்றன. விமான நிலையம் ஒரு துண்டில், காந்திபுரம் அடுத்த துண்டில், பொள்ளாச்சி இன்னொன்றில். கோவையைச் சுற்றிப் பறக்கவே நாலு துண்டு தயாரிக்க வேண்டும். அதைச் செய்து பழகியவர்களுக்கு மேனுவல் கேஷின் சதுரங்கள் ஒன்றுமே இல்லை.

2024 நவம்பரில் அடுத்த சிமுலேட்டர் வந்தது. அதில் டிஸ்க்கில் இறங்குகிற அளவை 50 ஜிபி போலக் குறைத்துவிட்டு, இன்னும் அதிகமாக நெட்டிலிருந்து எடுக்கும்படி செய்தார்கள். வெளியானபோது அதில் மேனுவல் கேஷே கிடையாது, ரோலிங் மட்டும்தான். விமானங்களும் ஒளியும் தரையின் புல்பூண்டும் புதியதில் அருமையாக இருக்கின்றன, மனமாரச் சொல்கிறேன். ஆனாலும் நெட் சரியில்லாத ஊர்க்காரன் கையில் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்துவிட்டது எனக்கு வருத்தம்தான். 5 எம்பிபிஎஸ்ஸில் பறக்கிறவர்களும் இந்த உலகத்தில் இருக்கிறார்கள், அவர்களுடைய ஊரும் அந்த 2 பெட்டாபைட்டுக்குள் இருக்கிறது. அதனால் பழைய 2020 பதிப்பை நான் அழிக்கவில்லை, 150 ஜிபி இடத்தை அதற்கென்றே விட்டு வைத்திருக்கிறேன். வெளியூருக்குப் புதியது, நம்மூருக்குப் பழையது.

இப்போதைய ஏற்பாடு, ரோலிங் 32 ஜிபி, அது பாட்டுக்கு ஓடட்டும். மேனுவலில் நாலு பகுதி: கோவை, ஓமலூர், எங்கள் ஊர், இவற்றை இணைக்கிற வழி. ஐந்தாவதாக ஒன்று நேற்று ராத்திரி இறங்க ஆரம்பித்திருக்கிறது. அப்பா வாய்க்கால் கரையிலேயே எழுபது வருஷம் இருந்தும் அணையிலிருந்து அது எப்படி வளைந்து வளைந்து எங்கள் ஊர் வரைக்கும் வருகிறது என்று முழுசாகப் பார்த்ததில்லையாம். பவானிசாகரில் ஆரம்பித்து சத்தியமங்கலம், கோபி, பெருந்துறை என்று வாய்க்காலை ஒட்டியே சதுரம் சதுரமாகத் தொட்டுக்கொண்டு வந்தேன், உயர் தரம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு சதுரம் கூடுதலாக. காலையில் எழுந்து பார்த்தபோது பாதிக்குக் கொஞ்சம் மேல் முடிந்திருந்தது. இன்றைக்கு ராத்திரி கரண்ட் போகாமல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பறக்கலாம். எந்த இடத்தில் மதகு இருக்கிறது என்று அவர் இப்போதே விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்.